லேன் கார்டா, வைஃபை டாங்கிளா: பழைய டெஸ்க்டாப்புக்கு எதை வாங்கலாம்?

2024 ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடித்த இடியில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பின் லேன் போர்ட் (இணைய ஒயரைச் சொருகும் துளை) போய்விட்டது. அப்போது எங்களுக்கு ஃபைபர் இணைப்பு கிடையாது. தெருமுனைக் கம்பத்திலிருந்து மொட்டைமாடி வழியாகச் செம்புக் கம்பிதான் வீட்டுக்குள் வரும். மின்சார பிளக்கைப் பிடுங்கிய நான் லேன் ஒயரைப் பிடுங்கவில்லை. லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் தாங்க வேண்டும் என்பது ஈதர்நெட் விதி. பக்கத்தில் விழும் இடிக்கு அதெல்லாம் எம்மாத்திரம்! நல்லவேளையாக மதர்போர்டின் மற்ற பாகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒயரைச் சொருகினால் போர்ட்டின் ஓரத்தில் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான்.

நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர் கொண்ட கணினி அது. விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலே தொடங்குகிறது. அதனால் அதற்கு முன்பே லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியிருந்தேன். கீழே சொல்லப்போகும் தொல்லை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், என்னைப் போலப் பழைய கணினியோடு லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

முதலில் வாங்கியது யூஎஸ்பி வைஃபை டாங்கிள், 750 ரூபாய். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. "சொருகினா போதும்ணே, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் கடைத் தம்பி. ஒயர் இழுக்க வேண்டாம், கேபினெட்டைத் திறக்க வேண்டாம் என்று எனக்கும் திருப்தி.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பெட்டியில் 433 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அதில் பாதி வந்தாலே நல்லது. எங்கள் திட்டமே 100 எம்பிபிஎஸ். ரூட்டர் இருக்கும் அறையில் 80, இரண்டு சுவர் தாண்டி 40 வந்தது. வீடியோ பார்க்க, ஆன்லைன் வகுப்பில் உட்கார அது போதும். யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்பதால், பின்பக்கம் சொருகாமல் ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேசைமேல் வைத்தால் சிக்னல் தேறும்.

என் தொல்லை ட்ரைவரில்தான், அதாவது ஒரு கருவியை இயக்கக் கணினிக்குத் தேவைப்படும் மென்பொருளில். அந்த டாங்கிளின் சிப்புக்கான ட்ரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இல்லை. வெளியிலிருந்து இறக்கி நாமே நிறுவ வேண்டும். இறக்குவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்குத்தான் டாங்கிளே. கைப்பேசியை யூஎஸ்பி ஒயரில் மாட்டி, டெதரிங் போட்டு முதல்முறை சமாளித்தேன். அடுத்து செக்யூர் பூட், அதாவது அனுமதி பெறாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் பாதுகாப்பு. ட்ரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி காத்திருக்கும். அதற்குள் அழுத்தி, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் ட்ரைவருக்கு அனுமதி. நான் முதல்முறை தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் அது கடந்துபோயிருந்தது.

சரி, ஒருமுறை செய்தால் தீர்ந்தது என்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். கெர்னலுக்கு வெளியே இருக்கும் ட்ரைவரை, ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டின்போதும் கணினி புதிதாகக் கம்பைல் செய்ய (அந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி தயாரிக்க) வேண்டும். அதற்காகவே டிகேஎம்எஸ் என்றொரு ஏற்பாடு உண்டு. சின்னச் சின்ன அப்டேட்டில் அது ஒழுங்காகவே நடந்தது. ஆனால் கெர்னல் 6.8இலிருந்து 6.14க்குத் தாவியபோது ட்ரைவர் கம்பைல் ஆகவில்லை. கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். உள்ளே இருக்கும் ட்ரைவர்களைக் கெர்னல்காரர்களே கூடவே திருத்திக்கொண்டு வருவார்கள். வெளியில் இருப்பதை யாராவது ஒரு தன்னார்வலர் மனம்வைத்துத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் மகளுக்கு ஆன்லைன் தேர்வு. "அப்பா, மறுபடியும் நெட் வரலை" என்று ஆறு மணிக்கு எழுப்பினாள். பழைய கெர்னலில் பூட் செய்து அன்றைய பொழுதை ஓட்டினோம்.

அந்த வாரமே லேன் கார்டு வாங்கினேன். ரியல்டெக் ஆர்டிஎல் 8111 சிப், மதர்போர்டின் சின்ன ஸ்லாட்டில் சொருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 அட்டை, 600 ரூபாய். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பின்பக்கம் ஸ்லாட்டை மூடியிருக்கும் பட்டி ஒன்றை நெம்பி எடுத்து, கார்டை அழுத்திச் சொருகி, ஒரு ஸ்க்ரூ. பத்து நிமிட வேலை. கணினியை ஆன் செய்ததும் விளக்கு எரிந்தது, நெட் வந்தது. நான் எதையும் நிறுவவில்லை. இந்தச் சிப்புக்கான ஆர்8169 ட்ரைவர் பல ஆண்டுகளாகக் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது, ஒருநாளும் அதை நான் திரும்பிப் பார்க்க நேரவில்லை. விலை வித்தியாசத்தைவிட எனக்கு இதுதான் பெரிது.

வாங்கும்போது மூன்றே விஷயம் கவனியுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது எக்ஸ்1 ஸ்லாட்டை மறைக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். நீளமான ஸ்லாட் காலியாக இருந்தால் அதிலும் இந்தக் கார்டு உட்காரும். ஒல்லியான கேபினெட் என்றால் கார்டை மாட்டக் குட்டைப் பட்டியும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். கடையில் பழைய பிசிஐ அட்டையை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் ஆர்டிஎல் 8139 சிப் இருந்தால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. செத்துப்போன ஆன்போர்டு லேனை, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் அணைத்துவிடுவதும் நல்லது, எது எந்த போர்ட் என்ற குழப்பம் வராது.

லேன் கார்டின் ஒரே குறை ஒயர்தான், அதைச் சின்னக் குறை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஹாலிலிருந்து படிப்பறைக்கு ஜன்னல் ஓரமாக 12 மீட்டர் கேட் 5இ ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. நானே கிரிம்ப் செய்த (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்திய) முதல் பிளக்கில் 100தான் காட்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நீலக் கம்பி முனைவரை போய்ச் சேரவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை என இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். வெட்டிவிட்டு மறுபடி அடித்ததும் 1000 வந்தது.

வாடகை வீடு, சுவரில் கைவைக்க முடியாது என்றால் வைஃபைதான் வழி. அப்போதும் முடிந்தால் டாங்கிளை விட்டுவிட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் வைஃபை கார்டாகப் பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ் 200 சிப்புக்குக் கெர்னல் 5.1 முதலும், ஏஎக்ஸ் 210க்கு 5.10 முதலும் ஆதரவு இருக்கிறது. நண்பரின் கணினியில் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன், ட்ரைவர் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதோடு எனக்குப் பழக்கம் அந்த ஒருநாள்தான். லேன் கார்டைப் போல அடித்துச் சொல்ல மாட்டேன். அதில் ப்ளூடூத் வேண்டுமானால், கூட வரும் சின்ன ஒயரை மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் தனியாகச் சொருக வேண்டும். ஏஎக்ஸ் 201 என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது குறிப்பிட்ட இன்டெல் சிப்செட்டுகளோடு மட்டுமே பேசும், சாதாரண ஸ்லாட்டில் வேலை செய்யாது.

டாங்கிள்தான் என்று முடிவாகிவிட்டால் பிராண்டைப் பார்க்காமல் சிப்பைக் கேளுங்கள். மீடியாடெக் எம்டி 7612யூ, எம்டி 7921ஏயூ இரண்டுக்கும் ட்ரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. ரியல்டெக்கின் 8821சியூ, 8822பியூ சிப்புகளுக்கு 2023இல் வந்த கெர்னல் 6.2 முதல் உண்டு. ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று பதிப்பு மாறும்போது உள்ளே சிப்பும் மாறிவிடுவது வழக்கம். ஆகவே பெட்டியின் பின்பக்கம் அந்தப் பதிப்பு எண்ணையும் பாருங்கள். மாற்றித் தரச் சம்மதிக்கும் கடையில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) கட்டளை கொடுத்து என்ன சிப் என்று சரிபார்த்துவிடுங்கள்.

என் 750 ரூபாய் டாங்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் கணினி விண்டோஸ். சொருகியதும் ட்ரைவர் தானாக ஏறிக்கொண்டது, இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.