கிஸ்மெட்: சர்வர் சொக்கத் தங்கம், பட்டியல்தான் பெரும்பாடு

போன வாரம் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் இருந்த எஸ்டி கார்டு செத்துப்போனது. புதுசு வாங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், லாட்ஜ் நடத்தும் நண்பன் போன் பண்ணினான். "மச்சி, உங்க ஹாஸ்டல்ல ஓடுதே கிஸ்மெட், அதை நானும் போடலாமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

மூன்று மாடி விடுதிக்கு வைஃபை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதற்கு நாலு வருடமாகக் கிஸ்மெட் ஓடுகிறது, சுற்றியுள்ள வைஃபை சாதனங்களைக் கண்காணிக்கும் மென்பொருள். தானாக எதையும் அனுப்பாது, காற்றில் போவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். சர்வர் கீழே அலுவலக அறையில் ஒரு ராஸ்பெர்ரி பையில். மாடிக்கு ஒன்றாக மூன்று சின்ன ராஸ்பெர்ரி பைகள் கேட்டதையெல்லாம் அதற்கு அனுப்பும். பார்ப்பதற்குத் தனித் திரை எதுவும் வேண்டாம். சர்வரின் முகவரியோடு 2501 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துப் பிரவுசரில் திறந்தால் போதும், போனிலும் தெரியும்.

கல்லூரிக் காலத்தில் கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக வந்த கிஸ்மெட்டின் பழைய கிளையன்ட்டை, அதாவது சர்வர் கேட்டதைக் காட்டும் நிரலை, பார்த்தவன் நான். அதை மூடப்போனால், சர்வரைப் பின்னணியில் விட்டுவிடவா, கொன்றுவிடவா என்று கேட்கும். அவசரத்தில் கொல் என்று அழுத்தினால் அடுத்த அறையில் பார்த்துக்கொண்டிருப்பவனின் திரையும் போய்விடும். 2019 வெளியீட்டில் அந்த இடத்துக்குப் பிரவுசர் வந்தது. இப்போது டேபை மூடினால் மூடியதுதான். சர்வர் தன் பாட்டுக்கு ஓடும்.

இதன் அருமை ஒரு ராத்திரிதான் தெரிந்தது. இரண்டாம் மாடியில் பதினொரு மணிக்கு மேல் நெட் இழுக்கிறது என்று ஒரு வாரமாகப் புகார். நான் போய் நின்றால் எல்லாம் சரியாக இருக்கும். நம் வைஃபை பெயருக்கு உரிய மேக் முகவரிகளை (ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் உள்ள அடையாள எண்) முன்பே எழுதிவைத்தால், வேறொரு முகவரி அதே பெயரில் வந்ததும் கிஸ்மெட் எச்சரிக்கும். எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில் பிரவுசரைத் திறந்தால் எச்சரிக்கை காத்திருந்தது. ஒரு மாணவர் அறையில் ரிப்பீட்டர், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. எங்கள் பெயரையே திருப்பி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. இரவில் மட்டும் போடுவாராம்.

அப்புறம், என்னைத் தினம் தினம் கடுப்பேற்றுவது அந்தச் சாதனப் பட்டியல். இப்போதைய போன்கள் வைஃபை தேடும்போது உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை, ஏதோ ஒன்றைப் போட்டு மாற்றிக்கொண்டே இருக்கும். கிஸ்மெட்டுக்கு ஒவ்வொன்றும் ஒரு புதுச் சாதனம். ஒரே பையன் மாடி ஏறி இறங்கினால் பத்துப் பேர் போன மாதிரி. இருநூறு பேர் இருக்கும் விடுதியில் பட்டியல் எங்கே போய் நிற்கும்? நிஜமான பிரின்டர் எது, பேய் எது என்று தேடியே கண் வலிக்கும், ராஸ்பெர்ரி பையில் மெமரியும் ஏறும்.

மென்பொருளைத் திட்டி என்ன பயன், போன்கள் அப்படி மறைவது அந்தப் பிள்ளைகளின் நல்லதுக்குத்தான். மெமரி அமைப்புக் கோப்பில், இத்தனை நொடி சத்தமில்லாமல் இருந்தால் தூக்கிவிடு என்று சொல்ல வழி இருக்கிறது. சொன்னேன். பேய்களோடு சேர்ந்து, எப்போதாவது பேசும் நல்ல சாதனங்களும் திரையிலிருந்து போய்விட்டன. பதிவுக் கோப்பில் இருக்கும்தான், அது எஸ்க்யூஎல்லைட் என்ற தரவுத்தளக் கோப்பு, தோண்டி எடுக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு யார் தோண்டுவது?

அந்தப் பதிவுக் கோப்புதான் எஸ்டி கார்டையும் தின்றிருக்க வேண்டும். நாலு வருடம் இடைவிடாமல் எழுதினால் எந்தக் கார்டு தாங்கும்? இந்த முறை பாக்கெட்டுகளை, அதாவது காற்றில் பிடித்த தரவுத் துண்டுகளை, பதிவதை நிறுத்திவிட்டேன், மிச்சப் பதிவுகளை யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டேன். நண்பனே, நீ போட்டால் முதல் நாளே இதைச் செய்.

ஆனால் நீ போடாதே என்றுதான் சொல்வேன். பன்னிரண்டு அறை லாட்ஜுக்கு இத்தனை பாடு தேவையில்லை, ரவுட்டரின் பக்கத்திலேயே யார் இணைந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் மட்டும் நிறுத்தப்போவதில்லை. மொட்டை மாடியில் கேட்பதற்கு நாலாவது ராஸ்பெர்ரி பை வைக்கக் கம்பி இழுக்க ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.