சாவடியா, பொது மையமா, தபாலா: ஆள் குறைந்த கவுண்டிக்கு எது சரிப்படும்?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தேர்தல் வேலை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகத்தின் தலையில்தான் விழுகிறது. சிறிய கவுண்டியில் தேர்தலை நடத்தும் அதிகாரியான கிளார்க் ஒருவர், உதவியாளர் ஒருவர் இருந்தாலே அதிகம். 2,000 வாக்காளர், ஆறு சாவடி என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு மூன்று முறைகளையும் பார்ப்போம்.

பழைய முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சாவடி. சாவடிக்கு மூன்று பேர் என்றால் 18 பேர். கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்காக இன்னும் நான்கு பேர் கைவசம் வேண்டும். காலை 7 முதல் இரவு 8 வரை வாக்குப்பதிவு என்றால், முன்வேலை பின்வேலை சேர்த்து ஆளுக்கு 15 மணி நேரம். பல மாநிலங்களில் சாவடிப் பணியாளர்களில் இரண்டு பெரிய கட்சிக்காரரும் இருந்தாக வேண்டும். ஒரே கட்சி கோலோச்சும் ஊரில் மற்ற கட்சிக்காரரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. 2002ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்க இயந்திரம் சாவடிதோறும் ஒன்று வேண்டும், வருவது 40 பேரே ஆனாலும். நல்லது ஒன்று உண்டு: அச்சிட்ட வாக்காளர் பட்டியல் போதும், இணையம் தேவையில்லை.

பொது மைய முறையில் கவுண்டியின் எந்தப் பகுதி வாக்காளரும் எந்த மையத்திலும் வாக்களிக்கலாம். கொலராடோவின் லாரிமர் கவுண்டி 2003இல் 143 சாவடிகளை 22 மையங்களாகச் சுருக்கியது. ஆள் மிச்சம்தான். ஆனால் ஒருவரே இரண்டு இடத்தில் வாக்களிக்காமல் தடுக்க, எல்லா மையங்களின் மின்னணு வாக்காளர் பட்டியலும் அந்த நொடியே பேசிக்கொள்ள வேண்டும். 2006இல் கொலராடோ தலைநகர் டென்வரில் அந்தப் பட்டியல் திணறியபோது வரிசை மணிக்கணக்கில் நின்றது. பலர் வாக்களிக்காமலே திரும்பினார்கள். செல்போன் சிக்னலே தடுமாறும் மலைக் கவுண்டியில் இதை நம்புவது சூதாட்டம். பள்ளி மாவட்டம், தீயணைப்பு மாவட்டம் எனத் தனித்தனியே தேர்தல் நடக்கும் அமைப்புகளின் எல்லைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் வாக்குச்சீட்டு வகைகளும் பெருகும். வேறு வகைச் சீட்டைக் கொடுத்து அது பெட்டியில் விழுந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

எல்லா வாக்காளருக்கும் சீட்டை வீட்டுக்கே அனுப்பும் தபால் முறையை நெப்ராஸ்கா மாநிலம் 10,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளுக்கு அனுமதிக்கிறது. அங்குள்ள கார்டன் கவுண்டி 2018இல் அப்படி நடத்தியது. தபால் என்றால் வேலை குறையும் என்பது தப்புக்கணக்கு. ஒரு நாள் வேலை பல வாரங்களுக்குப் பரவுகிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பேர் அலுவலகத்துக்கு அதுதான் தாங்கும். சிக்கல் வேறு இடத்தில். கொலராடோவில் தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் சீட்டு கைக்கு வந்து சேர வேண்டும், அஞ்சல் முத்திரைத் தேதி செல்லாது. பக்கத்துத் தெருக் கடிதமும் தொலைதூர நகரத்துப் பிரிப்பு மையம் போய்த்தான் திரும்பும் ஊர்களில் கடைசி வாரத்தில் போட்டவை வீணாகலாம். வீட்டு விநியோகமே இல்லாத பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் இன்னும் மோசம்.

மடிப்பும் காலை வாரும். நியூ ஹாம்ப்ஷயரின் விண்டமில் 2020இல் தபால் சீட்டின் மடிப்புக்கோடு ஒரு வேட்பாளரின் பெயருக்கு எதிரே குறியிடும் வட்டத்தின் மேல் விழுந்தது. ஸ்கேனர் அதைக் குறியாக எடுத்துக்கொண்டது. நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் போட்டியில், நான்கு பேருக்குக் குறியிட்ட சீட்டில் ஐந்து குறி என்று தெரிய, நான்கும் செல்லாமல் போயின.

இந்த அளவுக் கவுண்டிக்குத் தபாலையும், நீதிமன்றக் கட்டடத்தில் தேர்தல் நாளில் ஒரு மேஜையையும் சேர்ப்பதே எங்கள் தேர்வு. மாற்றுத்திறனாளிகளுக்கான இயந்திரம் அந்த மேஜைக்கு. சீட்டை நேரில் போட வாயிலில் ஒரு பூட்டிய பெட்டி, கடைசி வாரம் தினம் இருமுறை இருவர் சேர்ந்து திறப்பது, அச்சுக்கு முன் மாதிரிச் சீட்டை உண்மையான உறைக்குள் மடித்துப் போட்டு ஸ்கேனரில் ஓட்டுவது. இந்த மூன்றையும் விட்டுவிட்டால் பழைய சாவடிகளே மேல்.