சுற்றுலா ஒலிக்கருவியை மொழிபெயர்ப்புக் கருவி என்று வாடகைக்குத் தருகிறார்கள்: ஓர் எச்சரிக்கை

38 விருந்தினர்களுக்காக ஒரு வாடகை நிறுவனத்திடம் கம்பியில்லாச் சுற்றுலா ஒலிக்கருவித் தொகுப்பை எடுத்து நான் பட்ட பாட்டை, இதேபோன்ற ஏற்பாட்டில் இறங்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்தத் தொகுப்பில், வழிகாட்டி மைக்கில் பேசுவதை அவரிடமுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும்; விருந்தினர்கள் ஆளுக்கொரு ரிசீவரில் இயர்போன் மாட்டி அதைக் கேட்பார்கள். முதல் நாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது, மறுநாள் அரங்கில் அமர்ந்து கலந்துரையாடுவது என்பது திட்டம். விருந்தினர்களில் பாதிப் பேருக்கு வழிகாட்டியின் மொழி தெரியாது என்பதால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களையும் அமர்த்தியிருந்தோம். வழிகாட்டிக்கு ஒரு சேனல், மொழிபெயர்ப்புக்கு ஒரு சேனல் என இரண்டு நாளுக்கும் இந்தத் தொகுப்பே போதும் என்றும், 100 மீட்டர் வரை தெளிவாகக் கேட்கும் என்றும், பேட்டரி 12 மணி நேரம் நிற்கும் என்றும் நிறுவனத்தின் பிரதிநிதி எழுத்திலேயே உறுதியளித்தார்.

அந்த 100 மீட்டர் கணக்கு, இடையில் ஆளோ சுவரோ இல்லாத திறந்தவெளிக்கு உரியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு வந்தவை 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள். வைஃபையும் புளூடூத்தும் நெரிசலாக ஓடுகிற அதே அலைவரிசை. மனித உடலில் உள்ள நீர் அந்த அலையை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இடுப்பில் டிரான்ஸ்மிட்டரைச் செருகிக்கொண்டு வழிகாட்டி முன்னே நடக்க, பின்னால் 15 மீட்டர் தள்ளி வந்தவர்களுக்குச் சொற்கள் துண்டுதுண்டாகத்தான் கேட்டன. கடைசியில் எல்லோரும் அவரைச் சூழ்ந்து நெருக்கியடித்து நின்றார்கள். கருவி எதற்காக வாங்கப்பட்டதோ, அந்த நோக்கமே அத்துடன் போயிற்று.

அதைவிட மோசம், ரிசீவர்களில் 12 எந்தச் சேனலிலும் இணையவே இல்லை. பின்புற லேபிளைப் பார்த்தபோது, அவை 863 முதல் 865 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் வேறொரு மாடல் என்று தெரிந்தது; வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்ததால் இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டதற்கு, "எல்லா நாட்டிலும் ஓடுகிற கருவிதான்" என்றார் பிரதிநிதி. அப்படி ஒரு பொது விதி கிடையாது. அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியின் பெரும்பங்கு ஐரோப்பாவில் கைபேசி வலையமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. எனவே குழுவோடு எல்லை தாண்டுபவர்கள் லேபிளில் உள்ள எண்ணைப் போகிற நாட்டின் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தே கருவியை எடுத்துச் செல்ல வேண்டும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலையில் சார்ஜர் பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக இருந்தன. நான்காவது மணி நேரத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. சார்ஜ் முடிந்தது என்பதைத்தான் பச்சை விளக்கு சொல்லும். தேய்ந்துபோன பேட்டரியில் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லாது.

என்னை உண்மையில் ஏமாற்றியது இரண்டாம் நாள். நடந்துகொண்டே கேட்கும் குழுவுக்குச் சில மணி நேரம் சுற்றுலா ஒலிக்கருவியை வைத்துச் சமாளிக்கலாம். பேச்சாளர் பேசப் பேச அரங்கில் நாள் முழுவதும் நடக்கும் உடனடி மொழிபெயர்ப்புக்கு அது ஏற்றதல்ல. அதற்கென, மொழிபெயர்ப்பாளர்கள் உள்ளே அமர்ந்து பேசும் சிறிய, ஒலி தடுக்கும் சாவடி வேண்டும். பேச்சாளரின் ஒலி கலப்பின்றி மொழிபெயர்ப்பாளரின் காதுக்கு நேரடியாக வர வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய சாவடிக்கு ஐஎஸ்ஓ 4043, கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 20109 என்று தனித்தனிச் சர்வதேசத் தரநிலைகளே இருக்கின்றன. எங்கள் மொழிபெயர்ப்பாளர்களோ அரங்கின் ஒரு மூலையில் நின்று, பேச்சாளரின் குரலை வெறும் காதால் பிடித்து, கையடக்க மைக்கில் முணுமுணுத்தார்கள். அருகில் இருந்தவர்கள் எரிச்சலோடு திரும்பிப் பார்க்க அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தியதும் மைக்கில் அரங்கின் இரைச்சல்தான் முந்திக்கொண்டது. இருவரும் 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிப் பேசுவது வழக்கம் என்பதால், ஒரே மைக் கைமாறும் ஒவ்வொரு முறையும் கேட்பவர்களின் காதில் 'டொக்'கென்று அடித்தது. மதியத்துக்குப் பிறகு பாதி விருந்தினர்கள் இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்கள். மூத்த மொழிபெயர்ப்பாளர் அம்மையார் ஒரு வாரம் முன்பே சாவடி உண்டா என்று கேட்டிருந்தார். நிறுவனத்தின் வாக்குறுதியைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்தியவன் நான்தான். அந்தப் பிழை என்னுடையது.

திருப்பிக் கொடுத்தபோது அடுத்த இடி விழுந்தது. 45 ரிசீவர்களுக்குக் கையொப்பமிட்டு 42 மட்டுமே திரும்பின என்று சொல்லி, மூன்றுக்கும் புதிய கருவியின் முழு விலையை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அவசரத்தில் எண்ணாமல் கையொப்பமிட்டது உண்மை. ஆனால் பெட்டி வந்து இறங்கிய காலையில், முற்றிலும் வேறு காரணத்துக்காக எங்கள் தன்னார்வலர் ஒருவர் எடுத்த படத்தில் ரிசீவர்களை வைக்கும் குழிகளில் மூன்று வெறுமையாக இருப்பது தெளிவாகத் தெரிகிறது. படத்தை அனுப்பினேன். கையொப்பமே இறுதியானது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. கலந்து வந்த 12 ரிசீவர்களைப் பற்றி நான் கேட்டதற்கு இன்றுவரை பதிலே இல்லை.