ஜவ்வு கிழிந்த முட்டியும் மூன்று வகுப்புகளும்

"முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க." எம்ஆர்ஐ படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னது இவ்வளவுதான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முட்டிக்கு முன்பே எட்டு வருடமாக இன்னொன்றும் கூடவே இருக்கிறது. மருத்துவச் சீட்டில் அதற்குப் பெயர் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், புத்தகத் தமிழில் முடக்கு வாதம், என் மாமியார் வாயில் சரவாங்கி.

அந்தக் கொஞ்ச நாள் ஐந்து மாதமாக நீண்டது. ஒருநாள் புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன். முட்டி வலிக்கவில்லை, தொடையில்தான் பலம் இல்லை. காலை அசைக்காமல் வைத்திருந்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலிந்துவிடும், அது தாங்கவேண்டிய பாரமும் முட்டி மேலேயே வந்து விழும். ஓய்வு எடுத்தே முட்டியைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தனியாகச் செய்யலாமே என்பவர்களுக்கு ஒன்று: நான் செய்யமாட்டேன். பாயை விரித்தால் குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் வருவார், பாயைச் சுருட்டி வைத்துவிடுவேன். நாலு பேர் காத்திருந்தால்தான் என் கால் வாசலைத் தாண்டும். அதனால் குழுவாகச் செய்யும் இடங்களாகத் தேடினேன். மாடி ஹாலில் நடக்கும் ஜும்பா நடனம், கடற்கரைச் சாலையில் விடியற்காலை யோகா, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆறு பேரை வைத்து நடத்தும் வகுப்பு என மூன்றிலும் மாதக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டேன்.

நல்ல நாளில் எல்லா வகுப்பும் நல்ல வகுப்புதான். மணிக்கட்டு வீங்கி, பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியாத நாளில் அங்கே போய் நிற்க முடியுமா, பாதியைச் செய்துவிட்டுச் சங்கடமில்லாமல் திரும்ப முடியுமா என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடை போட்டேன். அப்படிப் போட்டால் எல்லாரும் சொல்லும் வரிசை தலைகீழாகிறது.

எல்லாரும் சொல்வது யோகா. "யோகாதானே, மெதுவாத்தானே இருக்கும், அதுக்குப் போயேன்." காசு கிடையாது. மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் பயமில்லாமல் நடக்கலாம். கடலில் சூரியன் எழும்புவதைப் பார்த்தபடி மூச்சு இழுப்பதற்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். ஆனால் குழு கூடுவது காலை 5.45க்கு. சரவாங்கிக்காரர்களுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. அழற்சியை உண்டாக்கும் பொருட்கள் பின்னிரவில்தான் உடம்பில் ஏறும். அதை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரவில் குறைந்திருக்கும். விடிந்ததும் மூட்டெல்லாம் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும், இளக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். 5.45க்கு மண்டியிட வேண்டுமென்றால் நான் 4 மணிக்கு எழுந்து வெந்நீரில் கை விட்டுக்கொண்டு நிற்கவேண்டும்.

அடுத்தது மணிக்கட்டு. சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளில் பல, உடம்பு பாரத்தை உள்ளங்கையில் இறக்குபவை. நான் தரையில் கை ஊன்றுவதை விட்டுவிட்டு, கடற்கரை ஓரக் குட்டைச் சுவரில் முழங்கையை வைத்துச் செய்தேன். வஜ்ராசனம், சப்பணம் இரண்டும் ஜவ்வு கிழிந்த முட்டிக்கு ஆகாது. முட்டியை முழுதாக மடக்கினால், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வின் பின்பகுதி நசுங்கும். அந்த நேரத்தில் கல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்கக் கூடாதது கழுத்து. நாட்பட்ட சரவாங்கி, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டிவைத்திருக்கும் தசைநாரைத் தளர்த்திவிடக்கூடும். அதன்மேல் பாரம் விழுந்தால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. பாரத்தைக் கழுத்தில் இறக்கும் சர்வாங்காசனம், ஹலாசனம், சிரசாசனம் மூன்றும் பட்டியலில் இருந்தே போகவேண்டியவை. எங்கள் குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தங்கமான மனிதர்.

"ஏம்மா, கழுத்து வலிக்குதா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன, மெதுவா காலைத் தூக்கு, நான் புடிச்சிக்கிறேன்."

வலி இல்லாமலேயே அந்தத் தளர்வு இருக்கலாம் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. கழுத்தைக் குனிந்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் அது தெரியும். உங்களுக்கும் இந்த நோய் பல வருடமாக இருந்தால், எந்த வகுப்பில் சேர்வதற்கு முன்பும் இதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மெதுவாகச் செய்வது எல்லாம் பாதுகாப்பானது என்று நம்பித்தான் நம்மில் பலர் இந்தப் பக்கம் வருகிறோம்.

(சர்க்கரைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விடியற்காலை வகுப்புக்கு வரவேண்டாம். எங்கள் குழுவில் ஒரு அக்கா பிரணாயாமம் முடிந்து எழுந்தவர் அப்படியே சாய்ந்தார், கை சில்லிட்டு வியர்த்துக் கொட்டியது. பையில் குளுக்கோஸ் வைத்திருந்த இன்னொருவரால் பிழைத்தோம். அளந்து பார்த்து 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அளவு ஏறிய பிறகு தொடங்குங்கள்.)

பிசியோ வகுப்பில் இந்தப் பயம் எதுவும் இல்லை. ஆறே பேர், ஒரு வகுப்புக்கு 400 ரூபாய், வாரம் இரண்டு நாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, காலை நீட்டித் தூக்குவது, ரப்பர் பேண்டை இழுப்பது. பேண்டை விரலால் இறுக்கிப் பிடிக்காமல் முன்கையில் சுற்றிக்கொள்ளச் சொன்னது அங்கேதான். வலியை அளக்கவும் அங்கேதான் கற்றேன். பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம். முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் ஆரம்பித்ததைவிட அதிகமாக வலித்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டோம், அடுத்த முறை குறைக்கவேண்டும். இந்த ஒரு கணக்குக்காகவே கொடுத்த காசு செரித்தது.

ஆனால் அங்கே நான் எந்நேரமும் நோயாளி. பேச்செல்லாம் யாருக்கு எந்த ஊசி, ஸ்டீராய்டை எப்போது நிறுத்தினார்கள், யார் முட்டியை மாற்றிக்கொண்டார்கள் என்பதுதான். யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. காயம் பட்டு ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள் வேறெங்கும் போகாமல் முதலில் இங்கே போகவேண்டும் என்பேன். மூன்று மாதம் போங்கள், கற்றுக்கொள்ளுங்கள், பிறகு வெளியே வாருங்கள்.

எல்லாரும் வேண்டாம் என்றது ஜும்பா. நானும் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கொலம்பியாவில் காலி (Cali) என்ற நகரத்துக்காரரான ஆல்பர்ட்டோ பெரெஸ் 1990களில் தொடங்கிய ஆட்டம் அது. எங்கள் மாடி ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது பாதி குத்துப்பாட்டாகிவிட்டது. மாலை 6.30க்குத் தொடங்கும் என்பதே எனக்குப் பாதி மருந்து, அதற்குள் மூட்டெல்லாம் இளகியிருக்கும். மாதம் 1,200 ரூபாய். இருபத்தைந்து பெண்கள், தூணுக்குத் தூண் மின்விசிறி, காது கிழியும் ஸ்பீக்கர்.

முதல்நாள் சீக்கிரமே போய் மாஸ்டரிடம் சொன்னேன்.

"எனக்குக் குதிக்கக் கூடாது தம்பி, சுத்தவும் கூடாது."

"அப்ப எப்டிக்கா ஆடுவீங்க?"

"கையால ஆடுறேன்."

சிரித்துவிட்டான், ஆனால் புரிந்துகொண்டான். கடைசி வரிசையில் தூண் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இதற்கு முன் நான் போன ஒரு ஜிம்மில், பெயர் வேண்டாம், பயிற்சி கொடுத்தவர் "வலிச்சாதான் பலன்" என்று பாரத்தோடு உட்கார்ந்து எழவைத்தார், முட்டி ஐந்து நாள் பன்னாக வீங்கிக் கிடந்தது. எங்கே சேர்ந்தாலும் முதல்நாளே நோயைச் சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பாருங்கள். சலித்துக்கொண்டால் அட்வான்ஸ் கட்டவேண்டாம்.

பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு திரும்பும்போதுதான் பெரும்பாலும் முட்டி ஜவ்வு கிழிகிறது. ஓட்டப் பயிற்சி ஷூ தரையை நன்றாகக் கவ்வும், அதைப் போட்டுக்கொண்டு டைல்ஸில் ஆடினால் பாதம் நிற்கும், முட்டி திருகும். அடிப்பாகம் வழவழப்பான ஷூதான் ஆட்டத்துக்கு ஏற்றது (வியர்வை சொட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கிரதை). திருப்பம் வரும் இடத்தில் காலைத் தூக்கி வைத்து வைத்துத் திரும்புவேன். குதிக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஓரடி. இதை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் பெரிய ஆச்சரியம். ஜும்பாவில் பாதிப் பேர் எப்போதும் தப்பாகத்தான் ஆடுவார்கள், அந்தக் கூட்டத்தில் என் தப்பும் கலந்துவிடும். யோகாவில் இருபது பேர் தலைகீழாக நிற்க, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எல்லாக் கண்ணும் என் மேல்தான் இருந்தது. இங்கே இரண்டு பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தே கையை வீசினாலும் வகுப்புக்கு வந்த கணக்குதான்.

குறை இல்லாமல் இல்லை. சத்தத்தில் மாஸ்டரைக் கூப்பிட முடியாது. கடைசிப் பத்து நிமிடம் வேகம் எகிறும், பாட்டு நன்றாக இருந்தால் எனக்கே புத்தி கெட்டுவிடும். பேசமுடிகிறதா என்று பக்கத்துப் பெண்ணிடம் ஒரு வாக்கியம் பேசிப் பார்ப்பேன். மூச்சு வாங்கினால் நாற்காலி.

இணையவழி வகுப்பு எனக்கு மூன்று வாரம் தாங்கியது. கேமராவை அணைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ரெயின்போ நகர் வரை தண்ணீர் நின்ற அந்த வாரம், கரண்ட் வந்ததும் அதைத்தான் தேடினேன். நீச்சல் குளத்து வகுப்பு இந்த நோய்களுக்கு மிக நல்லது. இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் தாங்கும் பாரம் பாதியாகிவிடும், மார்பளவில் இன்னும் குறையும். என் வீட்டுப் பக்கம் பெண்களுக்கு ஒத்துவரும் நேரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் விடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டலில் நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைத்தான் சொல்கிறது, அதுவும் முடிந்த அளவுக்கு என்ற சலுகையோடு. என் கணக்கு செவ்வாய், வியாழன் இரண்டும் சேர்த்து ஜும்பாவில் 100 நிமிடம், சனிக்கிழமை கடற்கரையில் ஒரு மணி நேரம். 5.45க்கு அல்ல, 6.30க்குப் போகிறேன். ஆசனம் முடியும் நேரம் அது, மூச்சுப்பயிற்சியும் நடையும் எனக்குப் போதும். சனி இரவு சரவாங்கிக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்து போடும் நாள் என்பதால் ஞாயிறு முழுக்கச் சோர்ந்து கிடப்பேன், அன்றைக்கு எந்த வகுப்புக்கும் பெயர் கொடுப்பதில்லை. மூட்டு சுட்டு, வீங்கிச் சிவந்திருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு மட்டும் விடுமுறை. மற்றவற்றை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

போன வியாழக்கிழமை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. முதுகில் பெல்ட் போட்ட ஒரு பெண், உட்காரலாமா என்று கண்ணாலேயே கேட்டார். ஸ்பீக்கர் சத்தத்தில் பதில் சொல்ல முடியவில்லை. ஷூவைக் காட்டி, அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.