பிராக்கில் பணம் மாற்றினால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள், 3 மணி நேரம் இருக்கிறது

செக் நாட்டின் தலைநகர் பிராக்கில் சுற்றுலாப் பயணியின் பணம் இருட்டுச் சந்தில் பறிபோவது அபூர்வம். பட்டப்பகலில், கையெழுத்தும் ரசீதுமாக, பெயர்ப்பலகை மாட்டிய கடையில்தான் பெரும்பாலும் போகிறது. விலை எங்கோ ஓர் ஓரத்தில் எழுதித்தான் இருக்கும். அதனால்தான் ஏமாந்தவர்கள் புகார் கொடுக்கவும் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல்முறை போகிறவர்கள், குறிப்பாக அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், விமானம் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் கிடையாது. புழங்குவது கோருனா. ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கோருனா. ஒரு கோருனா நம் பணத்தில் சுமார் 4 ரூபாய். இந்த இரண்டு கணக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். கீழே சொல்லப்போகும் பாதி ஏமாற்று வேலைகள் இந்தக் கணக்குத் தெரியாதவர்களிடம்தான் நடக்கின்றன.

பழைய நகரச் சதுக்கம், வென்செஸ்லாஸ் சதுக்கம், சார்லஸ் பாலத்துக்குப் போகும் குறுகிய தெருக்கள் எல்லாவற்றிலும் பத்தடிக்கு ஒரு நாணயமாற்றுக் கடை. "கமிஷன் 0%" என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் கடைக்காரர் தன் லாபத்தை விலையிலேயே எடுத்துக்கொள்கிறார். பலகையில் இரண்டு விலை இருக்கும்: வாங்கும் விலை, விற்கும் விலை. நாம் யூரோ கொடுத்துக் கோருனா எடுக்கிறோம். அதாவது கடைக்காரர் நம்மிடம் யூரோவை வாங்குகிறார். ஆகவே நாம் பார்க்க வேண்டியது வாங்கும் விலை மட்டும். அவசரத்தில் கண் 24.80 என்ற விற்கும் விலையில் போய் நிற்கும். 100 யூரோவை ஜன்னலுக்குள் தள்ளினால் 2,400 சொச்சம் வரும் என்று நினைப்போம். வாங்கும் விலை 16.50 என்று இருந்தால் கைக்கு வருவது 1,650. ஒரே நிமிடத்தில் 800 கோருனா, அதாவது 3,000 ரூபாய்க்கு மேல், காணாமல் போய்விட்டது.

கடையை எடைபோட ஒரு சுலபமான வழி, இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பது. அரை கோருனாவுக்குள் இருந்தால் நல்ல கடை. 5, 6, 8 என்று பிளந்து கிடந்தால் உள்ளே போகவே வேண்டாம். "உங்களுக்காகத் தனி விலை தருகிறேன்" என்று பேரம் பேசத் தொடங்கும் இடத்திலும் நிற்காதீர்கள். பணத்தை ஜன்னலுக்குள் வைக்கும் முன், "100 யூரோ கொடுத்தால் மொத்தம் எத்தனை கோருனா தருவீர்கள்?" என்று கேட்டு, அதைக் காகிதத்திலோ கால்குலேட்டரிலோ காட்டச் சொல்லுங்கள். பரிமாற்றத்துக்கு முன்பே இந்த விவரத்தை எழுத்தில் தருவது கடைக்காரரின் சட்டக் கடமை. தரத் தயங்கினால் அதுவே போதுமான பதில்.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். 2019 ஏப்ரல் 1 முதல் செக் சட்டம் வாடிக்கையாளருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடையில் 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியிருந்தால், 3 மணி நேரத்துக்குள் அந்தப் பரிமாற்றத்தை ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் "சரி, போனது போகட்டும்" என்று அந்தக் கோருனாவைச் செலவழித்துவிடுகிறார்கள். குறைவாக வந்திருக்கிறது என்று தெரிந்த நிமிடமே செய்ய வேண்டியது: அந்தப் பணத்திலிருந்து ஒரு காப்பிகூட வாங்காதீர்கள். ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். கடையின் விலைப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கடைக்கு, அதே ஜன்னலுக்கு, ரசீதோடும் முழுத் தொகையோடும் போய், "3 மணி நேரத்துக்குள் ரத்து செய்கிறேன், என் யூரோவைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், அவர்களுக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். "மேலாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்றால் நகராதீர்கள், நேரம் கடக்கட்டும் என்றுதான் அப்படிச் சொல்வது. இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. அங்கே புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லி, ரசீதில் உள்ள நிறுவனப் பெயரையும் கிளை முகவரியையும் அவர்கள் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நின்று "நல்ல விலை தருகிறேன்" என்று கூப்பிடுபவரிடம் மாற்றினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் நீட்டும் கற்றையில் மேலே ஒன்றிரண்டு செக் நோட்டுகள் இருக்கலாம். அடியில் இருப்பது செல்லாமல்போன பழைய பல்கேரிய லெவாவோ பெலாரஸ் ரூபிளோ ஹங்கேரிய ஃபோரிண்டோவாக இருக்கும். 1,000 ஃபோரிண்ட் நோட்டின் மதிப்பு 60, 70 கோருனாதான், ஆனால் 1,000 என்ற எண்ணைப் பார்த்ததும் நாம் ஏமாந்துவிடுவோம். செக் நோட்டை அடையாளம் காண உருவப்படம் போதும். 500இல் எழுத்தாளர் போழெனா நியெம்ட்சோவா, 1,000இல் தாடி வைத்த வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, 2,000இல் பாடகி எமா டெஸ்டின்னோவா. செக் நோட்டில் ரஷ்ய மொழி போன்ற எழுத்து வரவே வராது. சந்தேகமிருந்தால் வாங்க வேண்டாம்.

அடுத்தது ஏடிஎம். சுற்றுலாத் தெருக்களில் கடைச் சுவரோடு ஒட்டி நிற்கும், எந்த வங்கியையும் சேராத இயந்திரங்களைத் தவிர்த்துவிட்டு, ஒரு வங்கிக் கிளையின் வாசலில் உள்ளதைத் தேடுங்கள். எங்கே எடுத்தாலும் திரையில் ஒரு கட்டம் வரும்: தொகையை உங்கள் கார்டின் நாணயத்திலேயே கணக்கிடவா என்று கேட்கும். ரூபாயிலோ யூரோவிலோ ஒரு தொகையைக் காட்டி, "ஏற்கிறேன்" என்ற பொத்தானை எடுப்பாக வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் அந்த இயந்திரத்தின் விலைதான், நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இழப்பு வரலாம். "மாற்றம் வேண்டாம்" அல்லது "மறுக்கிறேன்" என்பதைத் தொடுங்கள். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்துதான் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மறுத்த பிறகும் கோருனா வரும், உங்கள் வங்கியின் விலையில் கணக்கு ஓடும். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் "நம் கார்டு யூரோதானே, யூரோவிலேயே எடுப்போம்" என்று நினைப்பது இயல்பு. கார்டு நிறுவனம் வேற்று நாணயத்துக்கு எடுக்கும் கட்டணத்தைவிட இயந்திரத்தின் விலை பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். அப்போதும் கோருனாதான். கடையிலும் உணவகத்திலும் கார்டு இயந்திரத்தை நீட்டும்போது இதே கேள்வி வரும். பணியாளரே அமுக்கிவிடாதபடி இயந்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, 2,000 என்று கேட்டால் ஒரே நோட்டாக வந்துவிடும், சில்லறைக்குத் திண்டாட வேண்டும். 1,900 என்று கேளுங்கள்.

விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் இடத்திலேயே மாற்றுக் கடைகள் இருக்கும். அங்கே ஒரு யூரோகூட மாற்றத் தேவையில்லை, நகரத்துக்குப் போக டிக்கெட் இயந்திரத்தில் கார்டு போதும். 59ஆம் எண் டிராலிபஸ் நாட்ராஷி வெலெஸ்லாவீன் மெட்ரோ நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து பச்சைப் பாதையில் நகர மையம். 90 நிமிட டிக்கெட் ஒன்றே இரண்டுக்கும் செல்லும்.

அந்த டிக்கெட்டில்தான் அடுத்த கண்ணி. பிராக் மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. எஸ்கலேட்டருக்கு முன்னால் இருக்கும் சின்ன மஞ்சள் பெட்டியில் அதை நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர்கள் சாதாரண உடையில் எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் நிற்பார்கள். "இப்போதுதான் வாங்கினேன்" என்றால் கேட்க மாட்டார்கள், அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. ஒருமுறை குத்தியதை வண்டி மாறும்போது மறுபடி குத்தவும் கூடாது. டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டு தட்டி வாங்கும் டிக்கெட்டில் நேரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், முத்திரை தேவையில்லை. போன் செயலியில் வாங்கினால் வாங்கிய பின் "இயக்கு" என்று தனியாக அமுக்க வேண்டும். அது உயிர்பெற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதனால் வண்டி வருவதற்கு முன்பே அமுக்குங்கள். உண்மையான பரிசோதகர் பேட்ஜைக் காட்டுவார், அபராதத்துக்கு ரசீது தருவார். ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள், செக் போலீஸின் 158 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில் தணலில் சுழலும் பன்றித் தொடைக்கறிக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தினமும் ஆள் ஏமாறும் இடம் அது. பலகையில் பெரிதாக ஒரு விலை, அதன் கீழே பொடி எழுத்தில் "100 கிராம்". நாம் ஒரு தட்டின் விலை என்று நினைத்து "ஒன்று" என்போம். கடைக்காரர் கத்தியால் தடித்த துண்டொன்றை அறுத்துத் தராசில் வைப்பார், 350, 400 கிராம் வரும். தட்டில் போட்டு நீட்டிய பிறகுதான் விலை சொல்வார். பலகையில் பார்த்ததைப் போல நான்கு மடங்கு. பின்னால் வரிசை நிற்கும், கறியை வெட்டியாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்ல நாக்கு வராது. அதனால் வெட்டுவதற்கு முன்பே "100 கிராம் மட்டும்" என்று சொல்லி, தராசு முள்ளைப் பாருங்கள். கூடுதலாக வைத்தால் அங்கேயே குறைக்கச் சொல்லலாம். சைவம் சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பக்கத்துச் சட்டியில் இருக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, முட்டைக்கோஸ் வதக்கல் இரண்டிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு கலந்திருப்பது வழக்கம்.

உணவகத்தில் உட்கார்ந்ததும் மேசையில் ரொட்டிக் கூடை வந்தால் அது உபசரிப்பு இல்லை, எடுத்தால் காசு. தலைக்கு இவ்வளவு என்று "கூவெர்" கட்டணமும் சில இடங்களில் உண்டு. மெனுவில் இறைச்சிக்கும் அதனோடு வரும் உருளைக்கிழங்குக்கும் விலை தனித்தனி. பீர் என்று மட்டும் சொன்னால் ஒரு லிட்டர் குவளை வந்து நிற்கலாம், அரை லிட்டர் என்று அளவு சொல்லுங்கள். சதுக்கத்திலிருந்து நான்கு தெரு தள்ளியுள்ள சாதாரணக் கடையில் அரை லிட்டர் 60, 70 கோருனாவுக்குக் கிடைப்பது சதுக்கத்தில் இரட்டிப்புக்கும் மேல். பில் வந்ததும் "சேவைக் கட்டணம்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலும் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை, பணியாளர் சாடையாகக் கேட்டாலும் சரி. அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். கையால் எண் எழுதிய துண்டுச் சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

"கோட்டை நுழைவு உட்பட" என்று விற்கும் சுற்றுலாக்களில் வேறு வகை ஏமாற்றம். பிராக் கோட்டையின் முற்றங்களுக்கு எப்போதுமே கட்டணம் கிடையாது. யாரும் உள்ளே நடக்கலாம், நண்பகல் 12 மணிக்குக் காவலர் மாறும் அணிவகுப்பையும் சும்மாவே பார்க்கலாம். வழிகாட்டி முற்றத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த செயின்ட் விட்டஸ் பேராலயத்தை வெளியிலிருந்தே விவரித்து அனுப்பிவிட்டால், நீங்கள் பணம் கொடுத்தது எதற்கு? முன்பதிவு செய்யும்போதே நான்கு பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்: பேராலயத்தின் உட்பகுதி, பழைய அரண்மனை, செயின்ட் ஜார்ஜ் ஆலயம், பொற்தெரு (Golden Lane). இந்த நான்கும் சேர்ந்த டிக்கெட்டைக் கோட்டைக்குள் இருக்கும் கவுன்டரிலேயே வாங்கலாம், இரண்டு நாள் செல்லும். ஞாயிறு காலை பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்கு நண்பகலுக்குப் பிறகுதான். அதேபோல யூத அருங்காட்சியகமும் அதன் ஜெபக்கூடங்களும் சனிக்கிழமை மூடியிருக்கும். சனிக்கிழமைக்கு யூதக் குடியிருப்புச் சுற்றுலா விற்றால், தெருவில் நின்று கதவைப் பார்க்கத்தான்.

கோட்டைக்குப் போகும் 22ஆம் எண் டிராமும், 1410இல் நிறுவிய வானியல் கடிகாரத்தின் முன்னாலுள்ள கூட்டமும் ஜேப்படிக்காரர்களுக்குப் பிடித்த இடங்கள். கடிகாரத்தில் பொம்மைகள் வரும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அந்த ஒரு நிமிடமும் எல்லோர் தலையும் மேலே, கையில் போன், முதுகில் பை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

"போலீஸ், கள்ளநோட்டுச் சோதனை" என்று சாதாரண உடையில் வந்து பர்ஸைக் கேட்பவர் போலீஸ் இல்லை. பர்ஸை வெளியே எடுக்காமல், "ஸ்டேஷனுக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள், அல்லது அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். உண்மையிலேயே எதையாவது இழந்துவிட்டால் முஸ்டெக் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள யுங்மன் சதுக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாரின் நகலைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பயணக் காப்பீட்டுக்கும், பாஸ்போர்ட் போயிருந்தால் இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்கும் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.