பழைய மினிகணினிக்கு மறுபிறவி: எஃப்பிஜிஏவா, எமுலேட்டரா?

பிடிபி-8, பிடிபி-11 என்ற பழைய மினிகணினிகளின் பெயர்களைக் கேட்டதும் கண் விரிகிறவர்கள் தண்டையார்பேட்டைப் பக்கமும் சிலர் இருக்கிறோம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1965இல் 18,000 டாலருக்கு விற்ற 12 பிட் கணினி முதலாவது. 1970இல் வந்த 16 பிட் கணினி மற்றது. அசல் பெட்டி நம் கைக்கு வரப்போவதில்லை. வந்தாலும் காசிமேட்டு உப்புக் காற்று அதன் பலகைகளை விட்டுவைக்காது. எனவே இரண்டு வழிகள்தான். உள்ளிருக்கும் சுற்றை நாமே விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புக்குள், சுற்றை விவரிக்கும் வெரிலாக் அல்லது விஎச்டிஎல் மொழியில் சுற்றையே எழுதி ஏற்றலாம். அல்லது, பாப் சுப்னிக் 1993இல் தொடங்கிய சிம்எச் போன்ற எமுலேட்டரை, அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை, சாதாரண மடிக்கணினியில் ஓட்டலாம்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டையும் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் எது நிஜ மிஷின்?” என்று கேட்டார். பலரும் யோசிக்காமல் எஃப்பிஜிஏவைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தகவலைச் சேமிக்கும் சுழலும் வட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபி-11உடன் வந்த ஆர்கே05 வட்டின் கொள்ளளவு 2.5 மெகாபைட், நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 40 மில்லிவினாடி. தேவையான இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரும்வரை கணினி காத்திருந்தாக வேண்டும். சிம்எச் இந்தக் காத்திருப்பை, இத்தனை ஆணைகள் ஓடிய பிறகு வேலை முடிந்ததாகச் சொல் என்று கணக்கு வைத்துச் சமாளிக்கிறது. எஃப்பிஜிஏ ஆர்வலர்கள் பெரும்பாலும் வட்டுக்குப் பதில் எஸ்டி கார்டைச் செருகிவிடுகிறார்கள். அங்கே சுற்றவே எதுவும் இல்லை! நினைவகமும் இப்படித்தான். சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் கோத்த கோர் மெமரியில் படித்தால் உள்ளது அழிந்துவிடும். உடனே திரும்ப எழுத வேண்டும். பிடிபி-8இல் இரண்டும் சேர்ந்து 1.5 மைக்ரோவினாடி. எஃப்பிஜிஏவில் உள்ள நினைவகத்துக்கு அந்தத் தலைவலி கிடையாது. வன்பொருளில் செய்ததாலேயே ஒன்று அசலாகிவிடாது. எழுதியவர் எந்த அளவு நுணுக்கத்தை உள்ளே வைத்தார் என்பதே கணக்கு.

எஃப்பிஜிஏ வெல்லும் இடம் வேறு. ஒரே கடிகாரத் துடிப்பில் பல பதிவேடுகள் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) ஒன்றாக மாறுவதை அது நிஜமாகவே செய்கிறது. மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்து அந்த மின் அலைகளைப் பார்க்கலாம். பழைய சாதனம் ஒன்றை நேர ஒழுங்கு தவறாமல் இணைக்க வேண்டுமென்றால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் பழைய உலகம் 5 வோல்ட், இன்றைய எஃப்பிஜிஏ பின்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட், நடுவில் மட்டம் மாற்றும் சிப் இல்லாமல் கம்பியை நேராகச் சொருகினால் பலகை போய்விடும். பிறகு மறுபடி பாரிமுனை வழியாக, மின்னணு பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

பிழை தேடுவதில் எமுலேட்டருக்கு நிகரில்லை. எந்த ஆணையிலும் நிறுத்தலாம், பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம், மாற்றி உடனே ஓட்டலாம். எஃப்பிஜிஏவில் ஒரு வரியைத் திருத்தினாலும் அதை மறுபடி சுற்றாகத் தொகுத்து முடிக்கும்வரை டீக்கடைக்குப் போய் வரலாம். 1975இன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பைப் பார்க்கத்தான் ஆசை என்றால் சிம்எச் போதும்; கால்டெரா நிறுவனம் 2002இல் அந்தப் பழைய பதிப்புகளுக்குத் தாராள உரிமம் தந்துவிட்டது. விளக்கும் சுவிட்சும்தான் வேண்டுமா? பிஐடிபி-11 என்ற முகப்புப் பலகைக்குப் பின்னால் ராஸ்ப்பெரி பை கணினியில் ஓடுவதும் சிம்எச்தான்.

கோடை மின்வெட்டில் மட்டும் எஃப்பிஜிஏவுக்கு ஒரு படி கூடுதல். மின்சாரம் திரும்பியதும் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து சுற்றை ஏற்றிக்கொண்டு எழுந்துவிடும். ராஸ்ப்பெரி பையோ லினக்ஸை எழுப்ப வேண்டும். திடீர் வெட்டில் எஸ்டி கார்டு கெடுவதும் உண்டு. மின்சாரம் போனாலும் உள்ளதை மறக்காத அந்தக் கால கோர் மெமரி இரண்டையும் பார்த்துச் சிரிக்கும்.

புதிதாகத் தொடங்கும் பொறியியல் மாணவர் கேட்டால், எஃப்பிஜிஏவில் பிடிபி-8ஐக் கட்டு என்பேன்: அடிப்படை ஆணை வகைகள் 8 மட்டுமே, ஒற்றை ஆளாக முடிக்கலாம். 22 பிட் முகவரி, கேஷ் (வேகமான இடைநினைவகம்) என்று விரியும் பிடிபி-11/70ஐ சிம்எச்சிடம் விட்டுவிடலாம்.