எமுலேட்டரோடு ஏழு வருஷக் குடித்தனம்

மொபைல் ஆப் எழுதுவதுதான் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எழுதிய நேரம் பாதி, எழுதியதை ஓடவைக்க மல்லுக்கட்டிய நேரம் பாதி. ஜாவா மொழியில் தொடங்கி, நடுவில் ரியாக்ட் நேட்டிவ் பக்கம் போய், இப்போது மூன்று வருஷமாக ஃபிளட்டரில் இருக்கிறேன் (பின்னிரண்டும் ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆப்கள் எழுத உதவும் கருவிகள்). விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று லேப்டாப்பும் மூன்று மாறிவிட்டது. மாறாமல் கூடவே வந்தது, ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போனை ஓட்டிக்காட்டும் அதன் எமுலேட்டரும்தான். புதிதாக இன்ஸ்டால் செய்து ஒரு வாரத்தில் எழுதும் அபிப்பிராயம் நிறையக் கிடைக்கிறது. இது ஏழு வருஷம் கூட இருந்தவனின் அனுபவம்.

முதல் லேப்டாப் விண்டோஸ், 8 ஜிபி ராம். எமுலேட்டரைத் திறந்தால் ஃபேன் அலற ஆரம்பிக்கும். முகப்புத் திரை வருவதற்குள் ஒரு மீட்டிங்கே முடிந்துவிடும். ராம் பத்தாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ராம் குறைவுதான், ஆனால் குற்றவாளி அது இல்லை. நான் டவுன்லோட் செய்து வைத்திருந்தது ஆர்ம் சிஸ்டம் இமேஜ், அதாவது போன்களில் இருக்கும் ஆர்ம் வகை பிராசஸருக்கான ஆண்ட்ராய்டு பிரதி. இன்டெல் பிராசஸரில் அதை ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக்கொண்டேதான் ஓட வேண்டும். இன்டெல் வகைக்கான எக்ஸ்86 இமேஜுக்கு மாறி, பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போது வரும் அடிப்படை அமைப்பில்) அணைந்து கிடந்த விர்ச்சுவலைசேஷனையும், அதாவது ஒரு மெஷினுக்குள் இன்னொன்றை ஓட்ட பிராசஸர் தரும் வசதியையும், ஆன் செய்ததும் அதே 8 ஜிபியில் வேலை பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. (இன்டெல் மெஷினில் அந்த ஸ்விட்சுக்கு விடி-எக்ஸ் என்று பெயர் இருக்கும், ஏஎம்டியில் எஸ்விஎம்.) இப்போதுள்ள ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பிராசஸரே ஆர்ம் வகை என்பதால் கதை தலைகீழ். அங்கே ஆர்ம்64 இமேஜ்தான் போட வேண்டும்.

அதே விண்டோஸ் மெஷினில் இன்னொரு கூத்து. கன்டெய்னர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் முறை) வேலைக்காக, விண்டோஸின் விர்ச்சுவலைசேஷன் வசதியான ஹைப்பர்-வியை ஆன் செய்தேன். மறுநாள் எமுலேட்டர் கிளம்பவில்லை. எமுலேட்டர்தானே படுத்திருக்கிறது, அதைத்தானே எழுப்ப வேண்டும் என்று மூன்று முறை அழித்து அழித்துப் போட்டேன். ஹைப்பர்-வி வந்து பிராசஸரின் விர்ச்சுவலைசேஷனைப் பிடித்துக்கொண்டதில், எமுலேட்டரை வேகமாக்க அப்போது நாங்கள் பயன்படுத்திய இன்டெலின் ஹேக்ஸம் டிரைவருக்கு இடமில்லாமல் போயிருந்தது. ஹேக்ஸம் வளர்ச்சி 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்று விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மை ஆன் செய்தால் ஹைப்பர்-வியும் எமுலேட்டரும் சண்டையில்லாமல் ஓடும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது கேவிஎம். அங்கே பெரும்பாலும் நம் யூசர் கேவிஎம் குரூப்பில் இல்லாததுதான் சிக்கலாக இருக்கும். எந்த மெஷினானாலும் டெர்மினலில் எமுலேட்டர் கட்டளையோடு ஆக்செல்-செக் ஆப்ஷனைக் கொடுத்தால், இந்த வேகக் கூட்டல் (ஆக்ஸலரேஷன்) வேலை செய்கிறதா என்று இரண்டு வரியில் சொல்லிவிடும். எனக்கு அது தெரியவந்தது நாலாவது வருஷத்தில். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது லேப்டாப் லினக்ஸ். ரியாக்ட் நேட்டிவ் காலம். ஒரு திங்கட்கிழமை காலை, ஆப்பின் கோடைத் தொகுத்துத் தரும் மெட்ரோ சர்வர் கிளம்ப மறுத்தது. எர்ரரின் முதல் வார்த்தை ஈநோஸ்பிசி, அதாவது இடமில்லை. சரி, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பழைய எமுலேட்டர்களை அழித்தேன். ஆப்பைக் கட்டித்தரும் கருவியான கிரேடில் சேர்த்துவைத்திருந்த கேஷை அழித்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் துடைத்து வைத்தேன். திரும்ப ஓட்டினால் அதே எர்ரர். டிஸ்க்கில் 90 ஜிபி சும்மா கிடக்கிறது, இது இடமில்லை என்கிறது! மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வரியை நிதானமாகக் கடைசி வரை படித்தேன். ஃபைல் வாட்சர்களின் எண்ணிக்கை சிஸ்டம் வரம்பைத் தொட்டுவிட்டது என்று பின்பாதியில் பச்சையாகவே எழுதியிருந்தது. ஒரு யூசர் எத்தனை ஃபைல், ஃபோல்டர்களைக் கண்காணிக்கலாம் என்று லினக்ஸ் கெர்னல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. என் மெஷினில் அது 8192. வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவது ப்ராஜெக்ட் ஒன்றையும் எடிட்டரில் திறந்துவிட்டுப் போயிருந்தேன், வரம்பு அதிலேயே தீர்ந்துவிட்டது. அந்தக் கண்காணிப்பு (ஐநோடிஃபை) வரம்பை 524288 ஆக்கி ஒரு வரி எழுதியதும் மெட்ரோ கிளம்பிவிட்டது. வீணாக அழித்த கிரேடில் கேஷ் மறுபடி டவுன்லோட் ஆகி முடிய மாலை ஆனது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எதையும் அழிப்பதற்கு முன், கடைசியாக ஓடியதற்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாறியது என்று ஒரு காகிதத்தில் எழுதுவேன். நான் மாற்றியது மட்டுமல்ல, தானாக அப்டேட் ஆனதும் சேர்த்து. பத்தில் ஏழெட்டு தடவை பதில் அந்தக் காகிதத்திலேயே இருக்கும். ஆனால் நம் ஆட்களின் பழக்கம் வேறு. பில்ட் (கோடை ஆப்பாகக் கட்டுவது) விழுந்ததும் கிளீன், அப்புறம் இன்வேலிடேட் கேஷ், அப்புறம் ரீஸ்டார்ட், கடைசியில் ஸ்டுடியோவையே அன்இன்ஸ்டால். நானும் இதைச் செய்தவன்தான். சில சமயம் சரியாகிவிடும், அதுதான் கெடுதல். ஏன் சரியானது என்று தெரியாததால் அடுத்த மாதம் அதே இடத்தில் அதே பூசையை முதலிலிருந்து நடத்த வேண்டும்.

எமுலேட்டரின் சொந்த வசதிகளில் எனக்குப் பிடித்தது குயிக் பூட். 2017 கடைசியில் வந்தது. மூடும்போது இருந்த நிலையை ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொண்டு, அடுத்த முறை சில விநாடிகளில் அதே இடத்தில் எழுந்து நிற்கும். ஆனால் பழைய நிலையென்றால் கெட்டுப்போன நிலையும் அதில் அடக்கம். ஒருமுறை எங்கள் ஆப்பில் லாகின் மட்டும் வேலை செய்யவில்லை. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிற மாதிரி ஒரு எர்ரர். சர்வர் டீமில் ஒருவரை அழைத்து, "அண்ணா, உங்க பக்கம் ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டு, அவரும் பாவம் ஒரு மணி நேரம் லாக் பார்த்தார். அவர்தான் கடைசியில் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் போன்ல மணி என்ன?" என்று கேட்டார். எமுலேட்டரின் கடிகாரம் பத்து நாள் பின்னால் நின்றுகொண்டிருந்தது. முந்தைய வாரம்தான் சர்வரில் புதுச் சான்றிதழ் போட்டிருந்தார்கள். எமுலேட்டரின் கணக்குப்படி அது இன்னும் பிறக்கவே இல்லை. ஸ்டுடியோவின் டிவைஸ் மேனேஜரில் கோல்ட் பூட் கொடுத்து, ஸ்னாப்ஷாட் இல்லாமல் முதலிலிருந்து கிளப்பியதும் மணி சரியானது, லாகினும் சரியானது. இப்போது எமுலேட்டரில் நெட்வொர்க் கோளாறு என்றால் முதலில் மேல்மூலையில் மணியைத்தான் பார்க்கிறேன்.

நெட்வொர்க் என்றதும் சொல்லிவிட வேண்டியது லோக்கல்ஹோஸ்ட், அதாவது ஒரு மெஷின் தன்னையே குறிக்கும் முகவரி. புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் இதில் விழுகிறார்கள். லேப்டாப்பில் ஓடும் சர்வரை எமுலேட்டரிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று கூப்பிட்டால், எமுலேட்டர் தன்னையேதான் கூப்பிட்டுக்கொள்ளும். லேப்டாப்பைப் பிடிக்க 10.0.2.2 என்ற முகவரி. அதைப் போட்ட பிறகும் போகவில்லையென்றால், ஆண்ட்ராய்டு 9 முதல் எஸ் இல்லாத எச்டிடிபி இணைப்புகளை ஆப் இயல்பாகவே மறுத்துவிடும் என்பது நினைவுக்கு வர வேண்டும். நான் 10.0.2.2ஐ விட்டுவிட்டு ஏடிபி ரிவர்ஸுக்குப் போய்விட்டேன் (லேப்டாப்பையும் போனையும் பேசவைக்கும் கருவி ஏடிபி). சர்வரின் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்ணை) லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டால் எமுலேட்டரிலும் யூஎஸ்பியில் மாட்டிய போனிலும் ஒரே லோக்கல்ஹோஸ்ட் முகவரி வேலை செய்யும். ஏடிபி சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலோ கேபிளைக் கழற்றி மாட்டினாலோ மறுபடி கொடுக்க வேண்டும்.

அந்த ஏடிபிக்கும் ஒரு கதை உண்டு. டிவைஸ் பட்டியலில் எமுலேட்டர் வரும், போகும், ஆஃப்லைன் என்று காட்டும். போனிலிருந்து படங்களை எடுக்கும் ஒரு மென்பொருள் தன்னோடு ஒரு பழைய ஏடிபியைக் கொண்டுவந்து 5037 போர்ட்டில் உட்கார வைத்திருந்தது. ஸ்டுடியோவின் ஏடிபி எழுந்ததும் பதிப்பு பொருந்தவில்லை என்று அதைக் கொல்லும், அது எழுந்து இதைக் கொல்லும். அந்த மென்பொருளை எடுத்ததும் அமைதி.

ஜேடிகே, அதாவது ஜாவா தொகுப்பின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எமுலேட்டரைவிட என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான். 2024இல் ஸ்டுடியோவை லேடிபக் பதிப்புக்கு ஏற்றினேன். அதுவரை ஒழுங்காக ஓடிய ஃபிளட்டர் ப்ராஜெக்ட் ஆதரிக்கப்படாத கிளாஸ் ஃபைல், மேஜர் வெர்ஷன் 65 என்று விழுந்தது. அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வரும். 65 என்றால் 21, 61 என்றால் 17, 55 என்றால் 11. லேடிபக்கோடு வந்த ஜாவா 21. என் ப்ராஜெக்ட்டில் நான் சோம்பேறித்தனமாக ஏற்றாமல் விட்டிருந்த கிரேடிலோ 21ஐப் பார்த்தே இராத பழசு. ஜாவா 21இல் ஓட கிரேடில் 8.5 ஆவது வேண்டும். இதில் இன்னொரு குழப்பம், டெர்மினலில் ஜாவா வெர்ஷன் கேட்டால் 17 என்று சொன்னது. பாத்தில் (டெர்மினல் நிரல்களைத் தேடும் இடப் பட்டியலில்) இருக்கும் ஜாவா ஒன்று, ஃபிளட்டர் எடுத்துக்கொள்ளும் ஜாவா வேறு. ஃபிளட்டர் இயல்பாக ஸ்டுடியோவோடு வரும் ஜாவாவைத்தான் பிடிக்கும். ஃபிளட்டர் டாக்டர் என்ற சோதனைக் கட்டளையை வி ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த ஜாவா என்று பாதையோடு காட்டும். அதைப் பார்க்காமல் ஜாவா ஹோம் அமைப்பை மட்டும் மாற்றி மாற்றி ஒரு முழு நாளைத் தொலைத்தேன். ப்ராஜெக்ட்டின் கிரேடில் பதிப்பைக் குறிக்கும் ராப்பர் ஃபைலில் அதை ஏற்றிய பிறகு எல்லாம் இரண்டு நிமிஷ வேலை. வலது மூலையில் வரும் அப்டேட் அறிவிப்பைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கை தயங்கும்.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. விண்டோஸில் ப்ராஜெக்ட் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து இருந்தால் ஆண்ட்ராய்டின் கிரேடில் பிளக்இன் பில்டை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடும். அந்தச் சோதனையை அணைக்க ஓர் அமைப்பு உண்டு, ஆனால் அணைத்தால் வேறெங்கோ புரியாத இடத்தில் விழும். இதைவிடச் சங்கடம், நண்பர் ஒருவரின் விண்டோஸ் யூசர் பெயரே தமிழில் இருந்தது. எமுலேட்டர் ஃபைல்கள் யூசர் ஃபோல்டருக்குள்தான் போகும் என்பதால் அவருக்கு எமுலேட்டர் திறக்கவே இல்லை. அந்த ஃபைல்கள் இருக்கும் ஏவிடி ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றிய பிறகுதான் திறந்தது. பாஷை மேல் பாசம் இருந்தாலும் ப்ராஜெக்ட் பாதை மட்டும் ஆங்கிலத்தில், அதுவும் சின்னதாக இருக்கட்டும். விண்டோஸின் 260 எழுத்து வரம்பில் ரியாக்ட் நேட்டிவ் பில்ட்கள் அடிக்கடி முட்டும்.

மேக் வந்த பிறகு ஐஓஎஸ் பக்கமும் போனேன். அங்கே இருப்பது எமுலேட்டர் இல்லை, சிமுலேட்டர். மேக்கின் பிராசஸரிலேயே நேராக ஓடுவதால் பறக்கும். அந்த வேகத்தை நம்பி நிஜ ஐபோனில் போட்டால் ஆப் மெமரியில் மூச்சுத் திணறும், ஏனென்றால் சிமுலேட்டருக்குப் போனின் மெமரி வரம்பு கிடையாது. கோளாறுகள் குறைவுதான். பில்ட் மிச்சங்கள் சேரும் டிரைவ்டு டேட்டா ஃபோல்டர் டிஸ்க்கைத் தின்பதைத் தவிர எனக்குப் பெரிய புகார் இல்லை.

இப்போது என் ஏற்பாடு இது. எமுலேட்டர் இரண்டே இரண்டு. ஒன்று நாங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பு, இன்னொன்று ஆகப் புதியது. இரண்டுக்கும் 2 ஜிபி ராம்தான். பிளே ஸ்டோர் உள்ள இமேஜில் ரூட் (முழு நிர்வாக உரிமை) கிடைக்காது என்பதால், டேட்டாபேஸ் ஃபைலை நோண்ட வேண்டிய நாட்களுக்காகப் பழையதை ஸ்டோர் இல்லாத இமேஜில் வைத்திருக்கிறேன். அன்றாட வேலை முழுக்க நிஜப் போனில், ஸ்டுடியோவின் மிரரிங்கில் திரையைப் பார்த்தபடி. 8 ஜிபி லேப்டாப்பில் கற்றுக்கொள்பவர்களுக்கும் இதையே சொல்வேன், எமுலேட்டரோடு போராட வேண்டாம், பழைய போன் ஒன்று போதும். கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை மாட்டிவிட்டு டிரைவரைத் தேடியவன் நான்.

போன மாதம் கறுப்புத் திரை ஒன்று வந்தது. எமுலேட்டர் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, படம் இல்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தேன்: புது மானிட்டர் மாட்டியது, சிஸ்டம் அப்டேட் ஆனது. கிராஃபிக்ஸை ஆட்டோமேட்டிக்கிலிருந்து சாஃப்ட்வேருக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டது, ஆனால் மெதுவாக. இரண்டில் எது காரணம் என்று பார்க்க இன்று மானிட்டரைக் கழற்றிவிட்டு, பழையபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி ஓட்டினேன். படம் வந்தது. மாட்டினேன், போய்விட்டது. இன்றைக்கு இதோடு போதும், வயரை மாற்றிப் பார்ப்பது நாளைக்கு.